விழுங்கப்பட்ட சொற்கள்

கேள்வி: ஆங்கிலப் படங்களில் ‘கன்னா’, ‘வான்னா’, ‘காட்டா’ என்றே பேசுகிறார்களே, இதெல்லாம் என்ன சார்? நானும் அப்படிப் பேசலாமா?

பதில்: எல்லாம் நீங்கள் பள்ளியில் படித்த சொற்கள்தான். ‘கோயிங் டு’தான் கன்னா, ‘வான்ட் டு’ வான்னா, ‘காட் டு’ காட்டா. ஆங்கிலத்தில் அழுத்தம் முக்கியமான சொல்லின் மேல் விழும். ‘டு’ மாதிரி பொடிச் சொற்களை நாக்கு விழுங்கிவிடும். ‘போக வேண்டும்’ நம் வாயில் ‘போகணும்’ ஆகிறதே, அதற்காக யாரையும் படிக்காதவர் என்கிறோமா?

ஆனால் கண்ட இடத்தில் சுருக்க முடியாது. ‘ஐம் கன்னா ஈட்’ என்றால் சாப்பிடப் போகிறேன். ‘ஐம் கன்னா மதுரை’ என்றால் பஸ் கிளம்பாது! எதிர்காலத்தைச் சொல்லும் ‘கோயிங் டு’ மட்டுமே சுருங்கும்; ஊருக்குப் போவது சுருங்காது.

வான்னா இன்னும் நுட்பம். ‘ஹூ டு யூ வான்னா மீட்?’ (யாரைச் சந்திக்க ஆசை?) என்று தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ‘யார் ஜெயிக்கணும்னு ஆசைப்படறீங்க?’ என்பதற்கு ‘ஹூ டு யூ வான்ட் டு வின்?’ என்று பிரித்தே சொல்வார்கள். அங்கே வான்னா போட்டால் ஆங்கிலேயர் காது கூசும். இதை எந்த வாத்தியாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. மொழியியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது. ஆங்கிலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுதான்.

தாராளமாகப் பேசுங்கள், முதலில் காதைப் பழக்குங்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.