ஐந்து ரூபாய் ஓனர்

வாடகையை எங்கள் வீட்டு ஓனர் போனிலேயே வாங்கிக்கொள்கிறார். ஆனாலும் மாதம் பிறந்தால் வாசலில் நிற்பார். "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்று கேட்கும்போதே கண் கீழே போய்விடும். நலம் விசாரிப்பது டைல்ஸை.

வேட்டியை மடித்துக் கட்டுவார். சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுப்பார். ஹாலின் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே நகர்வார். 'ணங்' என்றால் முகம் மலரும். 'டொப்' என்றால் நெஞ்சில் குழல் வைத்த டாக்டர் போலத் தலையைச் சாய்த்து இன்னொரு தட்டு. பிறகு நம்மை நிமிர்ந்து பார்ப்பார்.

"இங்க என்ன வெச்சிருந்தீங்க?"

"பீரோ சார்."

"அதானே பார்த்தேன்."

டைலுக்கு அடியில் கலவையை முழுக்கப் பரப்பாமல் அங்கங்கே அப்பி ஒட்டினால் நடுவில் காற்று நிற்கும். 'டொப்' அங்கிருந்துதான் வருகிறது. பீரோ வருவதற்கு முன்பும் அது 'டொப்'தான். கொத்தனாரைக் கூலி குறைத்துப் பிடித்தது யார் என்று கேட்கலாம். அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறதே!

"விட்ரிஃபைடு தம்பி, ரெண்டுக்கு ரெண்டு. மோர்பி சரக்கு" என்பார், ஏதோ இத்தாலியிலிருந்து கப்பலில் வந்ததுபோல. இந்தியாவில் விற்கிற டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் அந்த ஊர்ச் சரக்குதான். "தண்ணியே குடிக்காது" என்பதும் உண்மை, விட்ரிஃபைடு 0.5 சதவீதத்துக்கு மேல் ஈரம் இழுக்கக் கூடாது என்பது கணக்கு. ஆனால் இரண்டு டைலுக்கு நடுவே இருக்கும் வெள்ளை சிமென்ட் எல்லாவற்றையும் குடிக்கும். சாம்பார், டீ, குழந்தையின் சத்து மாவு என்று நாம் சாப்பிட்டதெல்லாம் அந்தக் கோட்டில் எழுதியிருக்கும். அதைப் போக்க அவரே ஆசிட் ஊற்றச் சொல்வார். ஆசிட், கறையோடு சிமென்ட்டையும் தின்னும். அடுத்த மாதம், "ஜாயின்ட் ஏன் பள்ளமா இருக்கு?"

டபுள் சார்ஜ் டைலில் நிறம் 3, 4 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும். கட்டிலை இழுத்தாலும் கோடு எளிதில் தெரியாது. இவர் போட்டிருப்பது மேலே மட்டும் மெல்லிசாக அச்சடித்த பளபளா. அதுவும் தந்த நிறம். ஒரு தலைமுடி விழுந்தால் வாசலிலிருந்தே தெரியும். "பளிச்சுன்னு இருந்தாத்தான் தம்பி ஆள் வருவாங்க." வந்தோம்.

ஆணி அடிக்கக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லா ஓனருக்கும் உள்ள வியாதி, விடுங்கள்.

மாடியில் அவர் குடியிருக்கும் பகுதியில், அவருடைய அப்பா போட்ட மொசைக் தரை. அதன் மேல் கிரைண்டர் உருண்டிருக்கிறது, உலக்கை விழுந்திருக்கிறது, மூன்று தலைமுறை தவழ்ந்திருக்கிறது. புள்ளி புள்ளியாக இருப்பதால் அழுக்கும் தெரிவதில்லை. அங்கே அவர் நாணயம் தட்டி நான் பார்த்ததில்லை. பாவம், கீழ்ப் பகுதியை ரிட்டயர்மென்ட் பணத்தில் புதுப்பித்தார். ஒருநாள் எங்கள் குழந்தை ஈரத்தில் வழுக்கி விழுந்தபோது, தன் துண்டாலேயே தரையைத் துடைத்துவிட்டு, "பாத்ரூமுக்காவது சொரசொரப்பா போட்டிருக்கணும்" என்று முணுமுணுத்தார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது.

காலி செய்யும்போது பிடிக்காமல் போய்விடும். 'டொப்' டைல்களுக்கு ஒரு தொகை, பெயின்டுக்கு ஒரு மாத வாடகை என்று அட்வான்ஸில் கழிப்பார். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். அந்த 'வேறு ஒப்பந்தம்' நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில் தயாராக இருக்கும். பெயின்ட் என்பதும் ஈரத்துணி பட்டால் கையோடு வரும் டிஸ்டம்பர்தான்.

வாடகைக்கு வீடு கட்டும் ஐயாமார்களே, பளபளப்பில்லாத, புள்ளி போட்ட டபுள் சார்ஜ் டைல் போடுங்கள். சமையலறை ஜாயின்ட்டில் எபாக்ஸி அடையுங்கள். சுவருக்குக் கழுவக்கூடிய எமல்ஷன் அடியுங்கள். நாணயத்தை, கொத்தனார் இருக்கும்போதே ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.