பக்கத்து வீட்டு பி.பி.

கே: எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ‘அனைவரும் தினமும் நடக்க வேண்டும்’ என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். ஒருவர்கூட நடக்கவில்லையே?
(சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்)

தீர்மானம்தான் நிறைவேறிவிட்டதே, இனி கால் எதற்கு என்று இருந்திருப்பார்கள். நடக்கச் சொல்லும் முன் நடக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள் ஐயா. சென்னை திருமங்கலம் பக்கம் ஏசியாட் காலனி இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கே சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். முடிவை ஆய்விதழுக்கு மட்டும் அனுப்பிவிட்டு ஓயாமல், காலனிக்காரர்களைக் கூட்டி விளக்கினார்கள். கேட்டவர்களும் காபி குடித்துவிட்டுக் கலையவில்லை; தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா போட்டார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் முதல் கணக்கெடுப்பில் 14 சதவீதம். சில ஆண்டுகள் கழித்துக் கிட்டத்தட்ட 59 சதவீதம். உங்கள் நகரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் இப்போது யாருடைய கார் ஷெட்டாக இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். அன்றைக்குப் பலர் எழுந்து நடப்பார்கள், வெளியே.

கே: பூங்கா, வாக்கிங், ஷூ எல்லாம் வசதிக்காரர்கள் பொழுதுபோக்குதானே?
(ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி)

நோய் அப்படி நினைக்கவில்லை, தம்பி. அதே ஆய்வில் தியாகராய நகர் பக்கத்து பாரதி நகரும் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் வாழும் பகுதி. முதலில் பார்த்தபோது ஏசியாட் காலனியில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், பாரதி நகரில் 6.5. ‘பணக்கார வியாதி’ என்று பெயர் வைத்தவர்கள் சொன்னது சரி போலத்தான் இருந்தது. பத்து ஆண்டு கழித்துப் போனால் காலனியில் 15.4, பாரதி நகரில் 15.3! ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியது, மறுபக்கம் இரண்டு மடங்கைத் தாண்டியது. பூங்காதான் வித்தியாசத்துக்கு முழுக் காரணம் என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மருந்துச் செலவைத் தாங்க முடியாத வீட்டுக்குத்தான் பூங்கா முதலில் வேண்டும் என்பது என் கட்சி. நம் ஊரில் பூங்கா வருகிற வரிசை இதற்கு நேர் எதிர்.

கே: பக்கத்து வீட்டுக்காரர் நாளுக்கு நாள் குண்டாகிக்கொண்டே போகிறார். எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா?
(சுவர் பங்காளி, திருநெல்வேலி)

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் ஊர் ஆய்வுப் பதிவுகளில் இருந்த பன்னிரண்டாயிரம் பேரின் 32 ஆண்டுக் கணக்கை வைத்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது. நண்பர் பருமனானால் நாமும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் பருமனானால்? ஒன்றும் ஆவதில்லையாம். கணக்குப் போட்ட முறை சரியில்லை என்று புள்ளியியல்காரர்கள் பின்னால் மல்லுக்கு நின்றது தனிக்கதை. எதற்கும் அவரோடு சேர்ந்து புரோட்டா கடைக்குப் போகாதீர்கள். போனால் அவர் நண்பராகிவிடுவார்.

கே: எதிர்வீட்டு மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்புகிறார். என் கணவருக்குச் சுகர். வேண்டாம் என்றால் மாமி முகம் வாடிவிடும்.
(இக்கட்டில் இருப்பவள், கும்பகோணம்)

நம் வீடுகளில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பும் வழக்கம் இல்லையே அம்மா, அதுதான் உங்கள் ஆயுதம். ஒவ்வொரு முறையும் அதில் சுண்டல் போட்டு அனுப்புங்கள். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி என்று மாற்றி மாற்றிப் போகட்டும். மாமிக்கு ருசி பிடித்துவிட்டால் பக்குவம் கேட்க வருவார், அப்போது சுகர் விஷயத்தை மெல்ல எடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு மாகாணமே இப்படித்தான் மாறியது. பின்லாந்தின் வட கரேலியாவில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ரொட்டி மேல் வெண்ணெய், கூடவே கொழுப்பு எடுக்காத பால், உப்பு ஏறிய கறி, இதுதான் சாப்பாடு. 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. துண்டுப் பிரசுரத்தை மட்டும் நம்பினால் வேலைக்காகாது என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்துபோனது. இல்லத்தரசிகளின் மார்த்தா சங்கத்தைப் பிடித்தார். ஊர் ஊராக விருந்து வைத்து, பழைய பதார்த்தங்களையே கொழுப்பும் உப்பும் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துப் பரிமாறினார்கள். சாப்பிட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தார்கள். எந்த ஊர் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறது என்று ஊர்களுக்குள் போட்டியே நடந்தது. நம் ஊர் கபடிக் கோப்பையைவிட இது கௌரவமான கோப்பை என்பேன். சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. புகையிலைக் கட்டுப்பாடு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தது அடுப்படி வழியாகத்தான்.

கே: தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டுமா? எந்த வேதத்தில் இருக்கிறது?
(ஒன்பதாயிரத்தில் நின்றவர், கோவை)

வேதத்தில் இல்லை, விளம்பரத்தில். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு ‘பத்தாயிரம் அடி அளவி’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். நிறுவனம் விற்றது கருவியை, உலகம் வாங்கிக்கொண்டது எண்ணை. அதைவிடக் குறைவாக நடந்தாலும் நல்ல பலன் உண்டு என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. ராத்திரி பதினொன்றரைக்கு மாடியில் தொம் தொம்மென்று மிச்ச ஆயிரத்தை முடிக்கும் ஆசாமி நீங்கள்தானா? கீழ்வீட்டுக்காரரின் பி.பி.யையும் கொஞ்சம் நினையுங்கள்.

கே: காலை வாக்கிங் முடிந்ததும் நாங்கள் எட்டு பேரும் டீக்கடையில் வடை சாப்பிடுகிறோம். நடந்தது வீணா?
(வடைக் குழு, மதுரை)

வடை இல்லையென்றால் எட்டு பேரும் வருவீர்களா? வராவிட்டால், ஆளுக்கொரு வடை நியாயமான சம்பளம். இரண்டாவது வடை லஞ்சம்.

கே: எங்கள் பூங்காவில் காலை ஆறு மணிக்குச் சிலர் காரணமே இல்லாமல் ‘ஹா ஹா ஹா’ என்று சிரிக்கிறார்கள். போலீசில் சொல்லலாமா?
(தூக்கம் கெட்டவர், அண்ணா நகர்)

போலீஸ்காரரும் வரிசையில் நின்று சிரிக்கப்போகிறார், ஜாக்கிரதை. 1995-ல் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு தொடங்கிய கூத்து இது. முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாட்களிலேயே நல்ல ஜோக் எல்லாம் தீர்ந்து, முகம் சுளிக்கும் ரகம் வர ஆரம்பித்தது. அதனால் ஜோக்கை விலக்கிவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நோயெல்லாம் ஓடிவிடும் என்று சொன்னால் நம்பவேண்டாம். தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் ‘என்ன ஆச்சு?’ என்று நாலு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்களே, அதற்காகவே நான் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

கே: குழுவாக ஓட ஆசை. ஆனால் கடைசியாக வந்து மானம் போகுமே?
(கனமான இல்லத்தரசி, ஈரோடு)

லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேர் ஓடி ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர், காசு கிடையாது. தொடங்கிவைத்தவர் காயத்தால் ஓட முடியாமல் இருந்த பால் சின்டன் ஹியூவிட். இன்று ‘பார்க்ரன்’ என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. அங்கே எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். ஆக நீங்கள் எவ்வளவு முயன்றாலும் கடைசி இடம் கிடைக்காது அம்மா.

கே: சாயங்காலம் ஆறரைக்கு மேல் எங்கள் தெருவில் பெண்கள் நடக்க முடியவில்லை. உங்கள் அறிவுரை?
(கல்லூரி ஆசிரியை, விழுப்புரம்)

உங்களுக்கு அறிவுரை எதுவும் இல்லை. அறிவுரை நகராட்சிக்கு: எரிகிற தெருவிளக்கு, பைக் ஏறாத நடைபாதை. இன்னொன்று, முக்கில் பைக் மேல் உட்கார்ந்து முறைக்கிற பிள்ளைகளின் அப்பாக்களுக்கு: சாயங்காலம் நீங்களும் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். உங்களுக்கு வாக்கிங், தெருவுக்கு நிம்மதி.

கே: நீங்கள் தினமும் நடக்கிறீர்களா, அல்லது எழுதுவதோடு சரியா?
(சந்தேகப் பிராணி, சேலம்)

இந்தப் பக்கத்தைக் கேட்டு ஆசிரியர் துரத்துகிற வேகத்துக்கு நடந்தால் கட்டுப்படியாகாது ஐயா. ஓடுகிறேன்.