இழுப்பியல்: பழைய லாண்ட்ரோவர் வண்டிகளின் ஸ்டியரிங் நோய்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஓட்டுநர் நேரே செலுத்த விரும்பியும் வண்டி ஒரு பக்கம் ஒதுங்கிச் செல்வது இழுப்பு எனப்படும். அது பாதையிழுப்பு, தன்னிழுப்பு என இருவகைப்படும். மழைநீர் வடிவதற்காக வீதியின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் அமைக்கப்படுவதாலும், இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்வதாலும், அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை ஊடாகக் கல்முனைக்குச் செல்லும் ஏ4 வீதியில் குறையற்ற வண்டியும் சற்றே இடப்பக்கம் ஒதுங்கும். இது பாதையிழுப்பு; இதற்கு மருந்தில்லை.

தன்னிழுப்பை ஆராயப் புகுந்தோர் யாவரும் முதற்கண் முன்டயரை உதைத்துப் பார்த்துள்ளனர். உதையானது நுனிக்காலுதை, குதியுதை, செருப்புதை என மூவகைப்படும் என்ப. செருப்பு உதைப்பவரின் உறுப்பன்று, ஆதலால் செருப்புதையைக் கருவியுதை என வேறாக வைத்தலே முறை என்பார் வட்டைக்கரை உரைகாரர். அவ்வாறாயின் டயரும் வண்டிக்குக் கருவியே, உதைப்பதும் உதைபடுவதும் கருவியானபின் உதைப்பவர் எங்கே என வினவுவார் தேநீர்க்கடை உரைகாரர். இவ்வினாவுக்கு ‘உதை விளக்கம்’ என்னும் நூலும், அதற்கு ‘விளக்க மறுப்பும்’, அதற்கு ‘மறுப்பு மறுப்பும்’, அதன் நாற்பத்தோராம் அடிக்குறிப்புக்கு மட்டும் ஒரு பேருரையும் எழுந்தன. பேருரையின் பெயர்ச்சொற்களைக் கறையான் தின்றுவிட, எஞ்சிய வினைமுற்றுகளைக் கொண்டு ஐவர் பட்டம் பெற்றனர். இவர்களுள் ஒருவரேனும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்ததற்குச் சான்றில்லை. மூலத்தைக் காணாமலே அடிக்குறிப்பிலிருந்து அடிக்குறிப்பெடுக்கும் இம்மரபு வாகனவியலுக்கு மட்டும் உரியதன்று.

உதை உணர்த்துவது டயரில் அறவே காற்றில்லை என்பதை மட்டுமே. அதைக் கண்ணே உணர்த்தும். காற்றுக் குறைந்த பக்கம் வண்டி இழுக்குமாதலால் முதலில் அழுத்தமானியால் அளந்து, பின்னும் இழுத்தால் முன்டயர்களை இடம்வலம் மாற்றிப் பூட்ட வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. ஓடி நின்றதும் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் சுட்டால் பிரேக்கை ஐயுறுக.

சக்கரம் திரும்பாமலே ஸ்டியரிங் வளையம் மட்டும் திரும்பும் தளர்ச்சிக்கு ஆட்டம் என்று பெயர். 1958இல் வெளிவந்த இரண்டாம் தொடர் லாண்ட்ரோவரில் ஸ்டியரிங் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் இடையே ஆறு குண்டுமூட்டுகளும், முன்குறுக்குச் சட்டத்தினுள் செங்குத்தாக நிற்கும் ரிலே என்னும் இடைச்சுழலியும் இருப்பதால், ஒவ்வொன்றின் சிறு தேய்மானமும் கூடிப் பேராட்டமாகிறது. ரிலேயின் உள்ளே இறுக அமுக்கப்பட்ட சுருள்வில் உள்ளது. அறியாது பிரிப்போரை அது காயப்படுத்தும்.

எலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் இறுதியில் வருவது. முன் அச்சு ஒரே கட்டானது ஆகையால், சக்கரத்தின் பக்கச் சாய்வாகிய காம்பரையும், சக்கரம் திரும்பும் முளையின் பின்சாய்வாகிய காஸ்டரையும் மாற்றத் திருகாணி இல்லை. மாற்றக்கூடியது டோ-இன் ஒன்றே. அதாவது, இரு சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் பின்விளிம்புகளுக்கு இடைப்பட்டதைவிட 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் குறைந்திருத்தல். மூட்டுகள் ஆடும்போது இந்நுண்ணளவைக் கணினிப் பொறியில் வைத்தே திருத்தினாலும் அது அடுத்த மதகு வரை நில்லாது.

எனவே இயந்திரத்தை நிறுத்தி, ஒருவர் வளையத்தை இருபுறமும் ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஆறு மூட்டுகளையும் ஒவ்வொன்றாக நோக்குக. உதைப்போர் சற்றுத் தள்ளி நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.