எதிர்மறை வாத்தியார்

கூடலூர் முதல் தேனி வரையில் பேருந்து நிற்கும் ஊர் எதுவாயினும், ஏதேனுமொரு மாடிப்படியின் ஓரத்தில் 'இங்கு ஆங்கில இலக்கணம் கற்றுத் தரப்படும்' என்னும் தகரப் பலகையும், அதன் நிழலில் சாக்பீஸ் தூள் படிந்த வேட்டியுடன் வீற்றிருக்கும் ஒரு மகானுபாவரும் தவறாமல் காணக் கிடைப்பார்கள். சகல வித்தைகளிலும் நிகழ்கால எதிர்மறை வாக்கியமே சிரேஷ்டமானது என்பதும், அதைப் பிழையறக் கற்றவன் கலெக்டராவது நிச்சயம் என்பதும் அவருடைய சித்தாந்தம். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெற்றோர்கள் இதைப் பயபக்தியுடன் கேட்டுத் தலையசைப்பார்கள்.

பாடம் பாசனத்தில் தொடங்கும். "ஐ, யூ, வீ, தே வந்தா டூ நாட், ஹீ, ஷீ, இட் வந்தா டஸ் நாட். இந்த 'எஸ்' இருக்கே, அது பெரியாத்துத் தண்ணி மாதிரிடா! 'டூ' வாய்க்கால்ல மடையைத் திறந்துட்டா, வினைச்சொல் வயலுக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. 'ஹீ டஸ் நாட் கோஸ்'னு எழுதுறவன் முறை தப்பித் தண்ணி பாய்ச்சுறவன்!" 14,707 ஏக்கர் இருபோக நிலம் முல்லைப் பெரியாற்றை நம்பியிருக்கும் பள்ளத்தாக்கில், முறை தப்பியவனை ஊர் என்ன பாடு படுத்தும் என்பதைக் கண்ணாரக் கண்டு வளர்ந்த பிள்ளைகளாதலால், அவர்களுக்கு இவ்வுபதேசம் அக்கணமே விளங்கிவிடும். 'ஹேஸ்' என்னும் கர்வியும் 'டஸ்' முன்னே வந்த மாத்திரத்தில் 'ஹேவ்' என்று அடங்கிப்போவதையும், 'ஆம், இஸ், ஆர்' ஆகிய மூவர் மட்டும் 'டூ'வின் தயவை நாடாமல் 'நாட்'டைத் தாமே ஏற்பதையும் அவர் அபிநயத்துடன் விளக்குவார். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் 'டூ' இல்லாமலே வினைச்சொல்லின் பின் 'நாட்' வருகிறதே என்று ஒரு பையன் கேட்டபோது, "அது அரசன் காலத்துச் சலுகை, காலாண்டுப் பரீட்சைக்குச் செல்லாது" என்று தீர்ப்பளித்தார்.

இவ்வளவு எதிர்மறைகளை வாரி வழங்கும் அப்புண்ணியவானுக்கு, வகுப்பை விட்டு வெளியே வந்தால் 'இல்லை', 'முடியாது' என்னும் இரு சொற்களும் நாவில் எழுவதில்லை. "சார், திராட்சை வெல படுத்துப்போச்சு, ஃபீஸை அடுத்த அறுவடையில சேத்துக் குடுத்துடுறேன்" என்பார் ஒரு தகப்பனார், "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்பார் இவர். பட்டா மாறுதல் மனு எழுத ஒருவர், வங்கிக் கடிதம் படித்துச் சொல்ல ஒருவர் என்று வருகிற அனைவருக்கும் "ஆகட்டும்" என்பதே விடை. "இன்னிக்காவது பாக்கியைக் கேளுங்க" என்று மனைவி சொன்னால் அதற்கும் "ஆகட்டும்" என்பதால், வீட்டில் அரிசிப்பானைதான் எதிர்மறை பேசும்.

சென்ற வாரம், படர்க்கை ஒருமையில் சொந்தமாக ஓர் எதிர்மறை வாக்கியம் எழுதும்படி அவர் பணிக்க, ஆறு மாதப் பாக்கி வைத்திருந்த சீடன் ஒருவன் கரும்பலகையில் 'அவர் மாஸ்டர் டஸ் நாட் ஆஸ்க் ஃபீஸ்' என்று துணிந்து எழுதினான். வகுப்பே மூச்சடைத்து நிற்க, வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அருகே போய், 'ஆஸ்க்' என்பதன் வாலில் 'எஸ்' இல்லாததை விரலால் தடவிச் சோதித்துவிட்டு, பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டார்.