பாலிஷ் போட்ட பொய்கள்

காந்தி நகர் வாசகி: நகைக்கு பாலிஷ் போடுகிறவர்கள் நம் கண் முன்னால்தானே செய்கிறார்கள்? தங்கம் எப்படிக் குறைகிறது?

முதலில் குத்துவிளக்கைத்தான் கேட்பார்கள். காசு வாங்காமலே பளபளக்க வைத்துத் தருவார்கள். அடுத்து கொலுசு. நம்பிக்கை வந்த பிறகுதான் கழுத்துச் சங்கிலி. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தால் ராஜதிராவகம். அது தங்கத்தையே கரைக்கும். சங்கிலி முங்கி எழும்போது மேல்தங்கம் கிண்ணத்திலேயே தங்கிவிடும், அதைப் பிறகு பிரித்து எடுத்துக்கொள்வார்கள். நம் கைக்கு வருவது மஞ்சள் தூளில் புரட்டிய நகையோடு ஒரு டப்பா. "பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்கம்மா" என்பார்கள். அதற்குள் பைக் திருவான்மியூரைத் தாண்டியிருக்கும். எடை போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். தாலிக்கொடி வாசற்படி தாண்ட வேண்டாம் அம்மா.

சாஸ்திரி நகர் வாசகர்: "போலீஸ்" என்று சொல்லி நகையைக் கழற்றச் சொன்னால்?

எந்தப் போலீஸ்காரரும் உங்கள் நகையைக் காகிதத்தில் மடித்துத் தர மாட்டார். வீட்டுக்கு வந்து பிரித்தால் பொட்டலத்தில் கல்தான் இருக்கும். பேச்சு கொடுக்காமல் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குள் போய்விடுங்கள்.

பெசன்ட் நகர் வாசகர்: சின்ன வயதில் மோடி மஸ்தான் வித்தை பார்த்திருக்கிறேன். கீரியும் பாம்பும் கடைசிவரை சண்டையே போடவில்லையே?

போட்டுவிட்டால் கூட்டம் கலைந்துவிடுமே, தாயத்தை யார் வாங்குவது? "வட்டத்தை விட்டு நகர்ந்தால் ரத்தம் கக்குவாய்" என்று மிரட்டுவான், நினைவிருக்கிறதா? இன்றைக்கு அதே வட்டத்தை வீடியோ காலில் போடுகிறார்கள். "உங்க ஆதார்ல போதை பார்சல் வந்திருக்கு, காலை கட் பண்ணினா கைது" என்கிறார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. தாராளமாக கட் பண்ணுங்கள்.

கஸ்தூரிபா நகர் வாசகி: நம் அடையாறு பிரம்மஞான சபையிலேயே ஒரு மோசடிப் புகார் எழுந்ததாமே?

ஆமாம். மகாத்மாக்கள் எனப்பட்ட ஞான குருமார்களின் கடிதங்கள் அங்கே ஓர் அலமாரியில் தாமாகத் தோன்றுவதாக, சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் காலத்தில் நம்பினார்கள். அலமாரி நின்றது அவருடைய படுக்கையறைச் சுவரை ஒட்டி. சபையிலேயே வேலை பார்த்த கூலோம் தம்பதி, எல்லாம் ஏற்பாடு என்று சொல்ல, 1884 செப்டம்பரில் 'கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்' அதை வெளியிட்டது. லண்டனிலிருந்து ஹாட்சன் என்பவர் விசாரிக்க வந்தார். அலமாரி அதற்கு முன்பே அழிக்கப்பட்டிருந்தது. 1885-இல் மோசடி என்று அறிக்கை கொடுத்தார். அந்த விசாரணை ஒருதலையானது என்று 1986-இல் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் எழுதினார். சபையினர் இன்றும் குற்றச்சாட்டை மறுக்கிறார்கள். என்னைக் கேட்டால், அலமாரியை அழித்ததுதான் பெரிய தப்பு. பின்பலகையைப் பார்க்க விட்டிருந்தால் வழக்கு ஒரே நாளில் முடிந்திருக்கும்.

மயிலாப்பூர் வாசகர்: 1872-இல் தொடங்கிய நிதி நிறுவனம் என்று நம்பித்தானே பென்ஷன் பணத்தைப் போட்டோம்? இப்போது திரும்பக் கிடைக்கவில்லையே?

உங்களைப் பேராசைக்காரர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மாதம் 25, 30 சதவீதம் என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனத்தின் கதை வேறு, இது வேறு. மயிலாப்பூர் நிதியில் நீங்கள் போட்டது மூன்று தலைமுறை நம்பிக்கையை. ஆனால் ஒன்று: நிதி நிறுவனம் வங்கி அல்ல. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு இதற்குக் கிடையாது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால், அசல் ரசீதோடு போய்க் கொடுங்கள்.

இந்திரா நகர் வாசகி: போனில் பணத்தைப் பறிகொடுத்த அப்பா, நான்கு நாள் எங்களிடம் சொல்லவே இல்லை. கோபமாக வருகிறது.

இந்தக் கோபத்துக்குப் பயந்துதான் சொல்லவில்லை. அவரைத் திட்டாதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு முதல் மணி நேரத்திலேயே போன் போட்டால், பணம் கை மாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். நான்கு நாள் ஆகியிருந்தாலும் போடுங்கள். அழைப்பு வந்த நம்பர், பணம் போன கணக்கு, பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு, அப்பாவையே பேச விடுங்கள். நடந்தது முழுசாகத் தெரிந்தவர் அவர்தான்.