காடைப் பிரசங்கம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் எந்தச் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வெள்ளை அங்கி. வேதாகமத்துக்குள் பிரசங்கக் குறிப்பும், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்த பில்லும். சபையார் ‘ஆயர் ஐயா’ என்பார்கள். அடுத்த டிரான்ஸ்பர் எந்த ஊருக்கு என்பது அவருக்குத் தெரியுமுன் பாஸ்டரேட் கமிட்டிக்குத் தெரிந்துவிடும்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்ப் 1827இல் சேலத்தில் ஊழியம் ஆரம்பித்தார். அன்றிலிருந்தே இந்த வேலையில் ஒரு சங்கடம் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்: வேதாகமத்தில் வருகிற அத்தனை பேரும் சபையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரைப் பற்றிப் பிரசங்கித்தாலும் ஒருவருக்காவது சுருக்கென்று தைக்கும்.

ரெண்டாவது பெஞ்சின் இந்தக் கோடியில் அண்ணன், அந்தக் கோடியில் தம்பி. நடுவில் ஒரு போர்வெல். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடி துளைத்ததில் தண்ணீர் வரவில்லை, வழக்குதான் வந்தது. ஆயர் ஏசாவை யாக்கோபு ஏமாற்றிய கதையை எடுத்தால் இருவரும் பக்திப் பரவசத்தோடு தலையாட்டுவார்கள். அண்ணன் கணக்கில் தம்பிதான் யாக்கோபு. தம்பி கணக்கில் அண்ணன். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றவர்களே 1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஒரே சி.எஸ்.ஐ. திருச்சபையாகிவிட்டார்கள். இந்த ரெண்டு பங்காளிகள் ஆகவில்லை.

சகேயு கதையும் கஷ்டம்தான். பைனான்ஸ் நடத்துகிறவர் சகேயு மரம் ஏறுகிற வரைக்கும் ரசித்துக் கேட்பார். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிற இடம் வந்ததும் செல்போன் அடித்த மாதிரி வெளியே போய்விடுவார்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் காடைப் பிரசங்கம். எண்ணாகமம் 11ஆம் அதிகாரம். இஸ்ரவேலர் இறைச்சி கேட்டு அழுகிறார்கள். காற்று கடல் பக்கமிருந்து காடைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இறைச்சி இன்னும் பல்லிடுக்கில் இருக்கும்போதே கொள்ளைநோய். ஆயர் அன்றைக்கு நன்றாகவே பேசினார். ஆராதனை முடிந்து வாசலில் நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தபோது கோழிப்பண்ணைக்காரர் வந்தார். ஆலயத்தின் புது இரும்புக் கேட் அவர் உபயம்.

“ஏனுங்க ஆயரே, பறவைக் காய்ச்சல்னு பேப்பர்ல ஒரு மூலையில போட்டாலே முட்டை ரேட்டு விழுந்துருது. நீங்க மைக் வெச்சு வேற சொல்றீங்களே?”

“அது மோசே காலத்துலங்க.”

“வாங்கறவனுக்கு அது தெரியுமுங்களா?”

அதிலிருந்து ஆயர் வானத்திலிருந்து விழுந்த மன்னாவோடு நிறுத்திக்கொள்கிறார். மன்னாவுக்கு யாரும் பண்ணை வைத்திருக்கவில்லை. ரொம்ப நெருக்கடியான வாரங்களில் யோனா கைகொடுப்பார். யோனாவுக்கு நிழல் தந்த ஆமணக்கு ஆத்தூர்ப் பக்கம் கடலைக் காட்டு வரப்பிலும் நிற்கிறது. யாருக்கும் மனவருத்தம் கிடையாது. அதனால் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது யோனாவை விழுங்கிய மீன் வந்துவிடும்.

வெளியே இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறவர் வீட்டில்தான் மாட்டிக்கொள்வார். தன் குடும்பத்தை நன்றாக நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். பவுலுக்கு என்ன, பிள்ளையா குட்டியா? ஏலியின் மகன்கள் எப்படி, சாமுவேலின் மகன்கள் எப்படி என்று கமிட்டிக்காரர்களுக்கு மனப்பாடம். ஆயர் மகனின் பிளஸ் டூ மார்க்கும் மனப்பாடம்.

மகனைத் திருத்த அவரிடம் உள்ள ஒரே ஆயுதம் கொல்லிமலை. அங்கே ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்டின் மகன் பால் பிராண்ட் 1914இல் அந்த மலையில் பிறந்தவர். படிக்க இங்கிலாந்து போன பையனுக்கு அப்பா மலையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பையன் பிற்பாடு வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தி, உலகப் புகழ் பெற்றார். ஆயர் இதைச் சொல்லி முடித்ததும் மகன் சொன்னான்: “அவங்கப்பா லெட்டர் போட்டாருப்பா. நீங்க சபை வாட்ஸ்அப் குரூப்லதான் எனக்கும் சேர்த்து குட்மார்னிங் போடறீங்க.”

ஆயரம்மாவிடமும் இதே மலைதான். கணவர் காய்ச்சலில் இறந்த பிறகும், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், மட்டக்குதிரை ஏறி மலை மலையாகப் போன எவெலின் பிராண்ட் அம்மையார் 1974இல் 95 வயதில் இறந்தார். பெண்கள் ஞாயிறு தோறும் ஆயர் இதை உருக்கமாகச் சொல்வார். ஆயரம்மாவுக்கு ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியம், வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களுக்குக் காபி, எல்லாம் சம்பளமில்லா உத்தியோகம். “அந்தம்மாவுக்குக் குதிரையாச்சும் இருந்துச்சுங்க. என் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போடுங்க” என்பார். அடுப்படியில் அல்லாடிய மார்த்தாளை விட உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாளே மேலானவள் என்று ஆயர் பிரசங்கித்த மத்தியானம், “இன்னிக்கு மரியாள்தான் வீட்ல இருக்கா, நேத்து வெச்ச ரசம் பிரிட்ஜ்ல இருக்கு” என்று பதில் வந்தது.

அறுப்பின் பண்டிகை அன்றுதான் ஆயரை முழு உருவில் பார்க்கலாம். வாழைத்தார், பூசணி, கட்டிய சேவல் என்று காணிக்கைகள் ஏலத்துக்கு வரும். மைக் ஆயர் கையில். போன வருஷம் ஒரு கிழவி கொண்டுவந்த ஒற்றை நாட்டுக்கோழி முட்டையைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் ஐம்பது என்றார். உடனே தம்பி நூறு. அண்ணன் ஐந்நூறு. ரெண்டாவது பெஞ்ச் எழுந்து நின்றுவிட்டது. முட்டை மூவாயிரத்தைத் தாண்டியபோது, இந்த இருவரையும் எப்படியாவது ராசியாக்கிவிடு ஆண்டவரே என்று தினமும் ஜெபிக்கிற ஆயர், பாதியில் நிற்கும் காம்பவுண்டுச் சுவரை ஜன்னல் வழியாக ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“ஒரு தரம்... ரெண்டு தரம்...”

மூணாவது தரம் சொல்ல அவருக்கு மனசே வரவில்லை.