வயிறு வரைந்த மைதானங்கள்

திருப்பூர் அருள்புரத்தில் காஜா பட்டன் அடிக்கிற அக்காவுக்குக் காலர் வைத்த பிக்கே பனியன் எங்கே போகிறது என்று தெரியும்: கையில் குச்சியோடு புல்தரையில் நாலு மணி நேரம் நடக்கிற துரைமாருக்கு. அந்தப் புல்தரையை வரைந்தது யார் என்று கேட்டால்தான் பல்லடம் ரோடே முழிக்கும். பாடப்புத்தகத்தில் இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஏகப்பட்டதை வரைந்தது ஜேம்ஸ் பிரெய்ட் என்கிற கோல்ஃப் ஆட்டக்காரரின் வயிறு.

பிரெய்ட் 1870இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில், ஏர் ஓட்டுகிறவருக்குப் பிள்ளையாகப் பிறந்தார். பையன் பந்தடிப்பதில் வீட்டாருக்கு இஷ்டமில்லை. "தச்சு வேலை கத்துக்கோ, சோறாவது கிடைக்கும்" என்றார்கள். எந்த ஊர் அப்பா அம்மாதான் வேறு சொல்லியிருக்கிறார்கள்? கத்துக்கொண்டார். சின்ன வயதில் கண்ணில் சுண்ணாம்பு விழுந்து பார்வை வேறு பழுது. 1893இல் லண்டன் போய், ஒரு பெரிய கடையில் கோல்ஃப் மட்டை செதுக்கும் வேலையில் உட்கார்ந்தார்.

அதே ஆள் 1901இலிருந்து 1910க்குள் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியை ஐந்து முறை ஜெயித்தார். எப்படி ஜெயித்தார் என்பதுதான் தமாஷ். 1905இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கடைசிச் சுற்று. பந்து இரண்டு முறை பக்கத்து ரயில் தண்டவாளத்தில் போய் விழுந்தது. மனுஷன் அலட்டிக்கொள்ளாமல் தண்டவாளத்தில் இறங்கி, அங்கிருந்தே அடித்துவிட்டு வந்து கோப்பையைத் தூக்கினார். 1908இல் பிரெஸ்ட்விக்கில் 'கார்டினல்' என்கிற மகா மணல்குழியில் மாட்டி ஒரே குழிக்கு எட்டு அடி. அப்புறமும் எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். பிற்காலத்தில் இவர் ஊர் ஊராக மணல்குழி வெட்டச் சொன்னதெல்லாம் அந்தக் கார்டினலுக்குப் பழிவாங்கத்தான் என்பது என் சொந்த ஆராய்ச்சி; முனைவர் பட்டம் கேட்கவில்லை.

இனி வயிற்றுக்கு வருவோம். கப்பல் ஏறினால் குமட்டும்; காரிலும் தலை சுற்றும். கூட ஆடிய கூட்டாளிகளான வார்டனும் டெய்லரும் 1900இல் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். வார்டன் அந்த நாட்டு ஓப்பனையே தட்டிக்கொண்டு வந்தார். பிரெய்ட் பல்லைக் கடித்துக்கொண்டு பிரான்ஸ் வரை போனதுண்டு; அமெரிக்கா பக்கம் போகவில்லை. நம்ம ஆளாக இருந்தால் மூக்கில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கல்லட்டி மலையே ஏறியிருப்பார். அந்த வைத்தியம் ஃபைஃபுக்கு எட்டவில்லை.

ஆக, ரயில் போகிற ஊர்தான் அவர் ராஜ்ஜியம். வண்டியை விட்டு இறங்குவார். மேட்டையும் பள்ளத்தையும் ஒரு சுற்று நடந்து பார்ப்பார். இங்கே தொடங்கு, இங்கே குழி, இங்கே மணல் என்று குச்சி நட்டுக் காட்டுவார். அடுத்த வண்டிக்கு நேரம் பார்ப்பார். வெட்டுவது, நிரப்புவது, புல் பிடிக்க வைப்பதெல்லாம் உள்ளூர் ஆட்கள் தலையில். இப்படியே இருநூறுக்கு மேல் மைதானங்களில் கை வைத்தார்: க்ளெனீகில்ஸ், கர்னூஸ்டி என்று பெரிய பெயர்களும் அதில் உண்டு. வளைந்து திரும்புகிற ஆட்டப்பாதையையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று பக்தர்கள் சொல்வார்கள். பழைய மைதானங்களில் அது முன்பே இருந்தது. பக்தர்களிடம் எதற்கு வாதம்?

கடல் தாண்டி ஆர்டர் வந்தால்? 1924இல் சிங்கப்பூர் புக்கிட் மைதானம். போகவே இல்லை. நில வரைபடத்தை வாங்கி மேசையில் விரித்து, உட்கார்ந்த இடத்திலேயே பதினெட்டுக் குழியையும் வரைந்து அனுப்பிவிட்டார். பையர் நம்ம மெர்ச்சண்டைசருக்கு அனுப்புகிற டெக் பேக் மாதிரிதான்: தையல் இங்கே, பாக்கெட் இங்கே, மீதி உன் பாடு. என்ன, சாம்பிள் சரியில்லை என்றால் பனியனைத் திருப்பி அனுப்பலாம். குன்றை எந்தக் கன்டெய்னரில் ஏற்றுவது?

இந்தச் சரித்திரத்தைக் கேட்ட கட்டிங் மாஸ்டர் அண்ணன் ஒருவருக்கு, நம்ம ஊரிலும் ஒன்று போட்டால் என்ன என்று ஆசை. தண்ணிக்கு எங்கே போவது? 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை இழுத்து மூடச் சொன்ன பிறகு, சொட்டுத் தண்ணியையும் சுத்திகரித்துத் திரும்ப உள்ளே விடுகிற ஊர் இது. புல்லுக்கு யார் தருவார்கள்? செட்டிபாளையத்தில் கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது போதும் என்றேன். வறண்ட ஊர்களில் குழியைச் சுற்றிய பச்சைப் புல்லுக்குப் பதில் மணலில் எண்ணெய் கலந்து மெழுகி, அதில் பந்து உருட்டியதும் உண்டு என்றேன். எண்ணெய் விலையைச் சொல்லி அவரே அதைத் தள்ளுபடி செய்தார்.

கடைசியாகப் பிரோராவைச் சொன்னேன். ஸ்காட்லாந்தின் வடக்கு ஓரத்தில் பிரெய்ட் 1923இல் வரைந்த மைதானம். குடியானவர்களுக்கு மேய்ச்சல் பாத்தியதை இருந்ததால் ஆடும் மாடும் ரொம்ப காலம் நடுமைதானத்திலேயே மேய்ந்தன. குழி இருக்கிற பச்சையைச் சுற்றி மட்டும் மின்வேலி போட்டிருந்தார்கள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாடு பந்தை எத்தி உட்டுதுன்னா?"

"தண்டனை கிடையாதுங்கண்ணா. பந்தைப் பழைய இடத்திலேயே வெச்சு அடிக்கலாம்."

"அது செரி. பந்து மாட்டு மேல பட்டா, மாட்டுக்காரன் சும்மா உடுவானுங்களா?"